தொண்ணூற்றிரண்டு வாரம்: ஒரு மறுப்பு

ஆஸ்திரேலியாவில் படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவர் அங்கேயே தங்கிச் சில ஆண்டுகள் வேலை பார்ப்பதற்கு வழங்கப்படும் தற்காலிகப் பட்டதாரி விசா, அதன் வகை எண்ணைக் கொண்டு 485 என்றே எங்கும் பேசப்படுகிறது. அதைப் பெற வேண்டுமானால் குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் அந்நாட்டில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதி இருப்பதால்தான் போலி மாணவர்கள் வடிகட்டப்படுகிறார்கள், பட்டங்களின் மதிப்பு காக்கப்படுகிறது, குறுகிய காலப் படிப்பொன்றைக் காட்டிக் குடியேற முயல்வோர் தடுக்கப்படுகிறார்கள் என்னும் கருத்து ஏறத்தாழ மறுப்பின்றி நிலைபெற்றுவிட்டது. குடிவரவுக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவோரும், தாராளமான குடிவரவை ஆதரிப்போரும், வேறு எதில் முரண்பட்டாலும் இதில் உடன்படுகின்றனர். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் கிளை பரப்பியிருக்கும் கல்வி முகவர்களோ, பெற்றோரிடம் இதை இயற்கை நியதிபோலவே எடுத்துரைக்கின்றனர். அந்தக் கருத்து பிழையானது. இவ்விதி தரத்தைக் காப்பதில்லை, காத்ததாக வரலாறும் இல்லை. அது அளப்பது மாணவர் கற்ற கல்வியையும் அன்று, அவர் செலவிட்ட காலத்தையும் அன்று, அரசுப் பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டிருக்கும் எண்ணை மட்டுமே.

விதி சொல்வது என்ன என்பதை முதலில் சரியாக அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அதைப் புகழ்வோரில் பலர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 1994-ஆம் ஆண்டின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 1.15எஃப் என்னும் எண் கொண்ட விதி, ‘ஆஸ்திரேலியக் கல்வி நிபந்தனை’ எனப்படுவதை வரையறுக்கிறது. மாணவர் படித்த படிப்பு வெளிநாட்டு மாணவருக்கென அரசால் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பாடங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டிருக்க வேண்டும். படிக்க அனுமதிக்கும் விசாவுடன் ஆஸ்திரேலியாவில் இருந்தபடி படித்திருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 16 நாட்காட்டி மாதங்களில் முடிந்திருக்க வேண்டும். அது இரண்டு கல்வியாண்டுப் படிப்பாகவும் இருக்க வேண்டும். கல்வியாண்டு என்பது எவ்வளவு காலம் என்பதை அமைச்சர் தனி ஆணையின் மூலம் நிர்ணயிக்கிறார். அது 46 வாரம். ஆகவே இரண்டு கல்வியாண்டு என்பது 92 வாரம். இந்த வாரங்கள் மாணவர் வகுப்பறையில் அமர்ந்த வாரங்கள் அல்ல. கிரைகோஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிவேட்டில், அதாவது வெளிநாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்ற நிறுவனங்களும் படிப்புகளும் பட்டியலிடப்பட்டுள்ள நடுவணரசின் பதிவேட்டில், அந்தந்தப் படிப்புக்கு நேராகப் பொறிக்கப்பட்டிருக்கும் வாரங்கள். விடுமுறைகளும் அவற்றில் அடக்கம். ஓராண்டுப் படிப்பு பெரும்பாலும் 52 என்றும், ஒன்றரை ஆண்டுப் படிப்பு 78 என்றும், ஈராண்டுப் படிப்பு 104 என்றும் அங்கே பதிவாகியிருக்கும். பட்டப்படிப்புக்கு முன் மாணவர் படிக்க நேரும் ஆங்கில மொழிப் பயிற்சி எத்தனை மாதம் நீண்டாலும் இந்தக் கணக்கில் சேராது.

இந்த ஏற்பாட்டின் விளைவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 104 வாரம் எனப் பதிவான முதுநிலைப் படிப்பொன்றில் சேரும் மாணவர், கோடைப் பருவத்திலும் பாடங்களை எடுத்து விரைந்து படித்துப் பதினாறு மாதத்தில் முடித்துவிட்டால், அவர் நிபந்தனையை நிறைவு செய்தவராகிறார். 78 வாரம் எனப் பதிவான படிப்பில் சேரும் மற்றொருவர், ஏதோவொரு பாடத்தில் தோற்று மீண்டும் படித்ததாலோ, உடல்நலக் குறைவால் ஒரு பருவம் பின்தங்கியதாலோ, அதே படிப்பை முழுமையாக இரண்டு ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலேயே இருந்து முடித்தாலும் அவருக்கு 485 இல்லை. பதினாறு மாதம் இருந்தவர் இரண்டாண்டு படித்தவராகவும், இருபத்துநான்கு மாதம் இருந்தவர் இரண்டாண்டு படிக்காதவராகவும் ஆகும் ஒரு விதியை ‘கால நிபந்தனை’ என்று சொல்வதே பொருந்தவில்லை. இவ்விருவரில் எவர் நன்கு கற்றார் என்ற கேள்விக்கு விடை காணவும் இவ்விதியில் எந்த வழியும் இல்லை.

முன்கற்றலுக்கான பாட விலக்கில் இந்தக் குறைபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. மாணவர்கள் ‘கிரெடிட்’ என்று சொல்லும் இவ்விலக்கு, சொந்த நாட்டில் ஏற்கெனவே படித்துத் தேறிய பாடத்தைப் புதிய படிப்பில் மீண்டும் படிக்க வேண்டியதில்லை எனப் பல்கலைக்கழகம் வழங்கும் ஏற்பு. கல்வி நோக்கில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் விலக்குப் பெற்ற பாடத்துக்குரிய வாரங்கள் கல்வி நிபந்தனைக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஈராண்டு முதுநிலைத் தகவல் தொழில்நுட்பப் படிப்பொன்று பருவத்துக்கு நான்காகப் பதினாறு பாடங்களைக் கொண்டது என வைத்துக்கொள்வோம். இவ்வாறான அமைப்பு அங்கே மிகப் பரவலானது. 104 வாரத்தைப் பதினாறால் வகுத்தால் ஒரு பாடத்துக்கு ஆறரை வாரம். ஒரு பாடத்தில் விலக்குப் பெற்றவருக்கு 97.5 வாரம் எஞ்சும், அவர் தப்பித்தார். இரண்டு பாடங்களில் விலக்குப் பெற்றவருக்கு எஞ்சுவது 91 வாரம். தம் முன்கல்வியைப் பல்கலைக்கழகமே மதித்து ஏற்றுக்கொண்டது என்பதற்காகவே ஒரு மாணவர் ஒரு வாரக் குறைவில் விசாத் தகுதியை இழக்கிறார். பாட விலக்குத் தருகிறோம் என்று கடிதம் வந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்குமாறு அனுபவமுள்ள முகவர்கள் அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. அறிவுரை சரியானதுதான், அப்படி ஓர் அறிவுரையைச் சரியாக்கிவிடும் விதிதான் கோணலானது.

தமிழ்நாட்டு மாணவரை இது குறிப்பாகத் தாக்குகிறது. ஆஸ்திரேலியத் தகுதிக் கட்டமைப்பு என்பது, அந்நாட்டில் வழங்கப்படும் சான்றிதழ் முதல் முனைவர் பட்டம் வரையிலான தகுதிகளைப் பத்துப் படிகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய கற்றல் அளவை வகுக்கும் தேசிய ஆவணம். அதன்படி, இளநிலைப் பட்டம் பெற்ற அதே துறையில் பாடவழி முதுநிலை படிக்க வருபவருக்கு இயல்பான காலம் ஒன்றரை ஆண்டு. வேறு துறையிலிருந்து வருபவருக்கே இரண்டு ஆண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியொன்றில் நான்காண்டு கணினிப் பொறியியல் படித்த ஒருவர், அந்நாட்டின் சொந்தக் கல்வி அளவுகோலின்படியே ஒன்றரை ஆண்டில் முதுநிலைத் தகவல் தொழில்நுட்பத்தை முடிக்கத் தகுதியுடையவர். எனினும் அவர் வரலாறோ வணிகவியலோ படித்துவிட்டு வந்தவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, நிரலாக்க அடிப்படைகளையும் தரவுத்தள அடிப்படைகளையும் முதற்பருவம் முழுவதும் மீண்டும் கேட்கிறார். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் 40,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுவது சாதாரணம். அரையாண்டுக்கு 20,000 என்றால் அது பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. வாழ்க்கைச் செலவுக்கென மாணவர் காட்ட வேண்டிய தொகையாக 2024 மே மாதத்திலிருந்து அரசே நிர்ணயித்திருப்பது ஆண்டுக்கு 29,710 டாலர். அதில் பாதியையும் இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கிய குடும்பம் இந்தக் கூடுதல் பருவத்துக்கு வட்டியும் சேர்த்துக் கட்டுகிறது. ஏற்கெனவே தெரிந்ததை மீண்டும் கேட்பதற்கு இவ்வளவு விலை கொடுக்கச் செய்யும் விதியைத் தரத்தின் காவல் என்பது விந்தையான வாதம்.

இதற்கு எதிர்த்தரப்பு தரும் முதன்மையான பதில், விதி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பது: மூன்று மாதச் சான்றிதழ்களை விற்கும் கல்லூரிகள் காளான்களாக முளைக்கும், படிப்பு வெறும் சாக்காகிவிடும் என்கின்றனர். இந்த அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதற்கு விடை ஊகத்தில் தேட வேண்டியதன்று, வரலாற்றிலேயே இருக்கிறது. காளான்கள் முளைத்தது இவ்விதி நடைமுறையில் இருந்தபோதுதான்.

2001-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு மாணவர்கள் படிப்பு முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறாமலே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க ஆஸ்திரேலியா வழிவகுத்தது. பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியல் ஒன்றை அரசு வைத்திருந்தது. அதில் இடம்பெற்ற தொழிலுக்குப் படித்தவர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைத்தன. சமையற்கலையும் முடிதிருத்தமும் அப்பட்டியலில் இடம்பெற்ற பின்பு, 2005 தொடங்கி 2009 வரை, மெல்பர்னிலும் சிட்னியிலும் தனியார் தொழிற்கல்லூரிகள் கணக்கின்றிப் பெருகின. கடைவீதிகளின் மாடிகளில், அலுவலகக் கட்டடங்களின் ஒரு தளத்தில், அடுப்பும் போதாத சமையற்கூடங்களோடு அவை இயங்கின. வடஇந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பல்லாயிரம் இளைஞர் அவற்றில் சேர்ந்தனர். அந்தக் காலம் முழுவதும் இரண்டாண்டுக் கல்வி நிபந்தனை நடைமுறையில் இருந்தது. கல்லூரிகள் அதை மீறவில்லை. அதற்கேற்பப் பொருளைத் தயாரித்தன. சமையற்கலையில் ஒரு சான்றிதழ், அதன்மேல் விருந்தோம்பல் மேலாண்மையில் ஒரு டிப்ளமோ, இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கூட்டினால் 92 வாரத்தை எட்டும்படி படிப்புகள் வடிவமைக்கப்பட்டன. இவற்றோடு 900 மணிநேரப் பணி அனுபவம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதற்கும் எண் இருந்ததால் அதற்கும் சந்தை உருவாகி, உணவகங்களின் பெயரில் போலி அனுபவச் சான்றுகள் விற்பனையாயின. மாணவர்கள் இரவில் டாக்சி ஓட்டியும் பெட்ரோல் நிலையங்களில் காவலிருந்தும் கட்டணம் கட்டினர். 2009-இல் இக்கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென மூடப்பட்டபோது, கட்டிய பணமும் போய், படித்த வாரங்களும் எதற்கும் உதவாமல் தெருவில் நின்றவர்கள் அவர்களே.

அந்தச் சீரழிவிலிருந்து அந்நாடு எவ்வாறு மீண்டது என்பதையும் நோக்க வேண்டும். வாரக்கணக்கை உயர்த்தி அது மீளவில்லை. 2010 பிப்ரவரியில் அன்றைய குடிவரவு அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் பற்றாக்குறைத் தொழில் பட்டியலை ஒழித்தார். வெளிநாட்டு மாணவர் கல்வி குறித்துப் புரூஸ் பெய்ர்ட் தலைமையில் நடந்த மறுஆய்வின் அறிக்கை அவ்வாண்டே வெளிவந்தது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்கள் அனைத்தும் மீண்டும் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டது. 2011-இல் தொழிற்கல்விக்கென அஸ்குவா, உயர்கல்விக்கென டெக்சா என இரு தேசிய ஒழுங்காணையங்கள் அமைக்கப்பட்டன. 2012-இல் கல்லூரி மூடப்பட்டால் மாணவரின் கட்டணத்தை மீட்டுத்தரும் காப்புத் திட்டம் வந்தது. சோதனை, பதிவு, தண்டனை, இழப்பீடு ஆகியனவே பயன்பட்டன. இரண்டாண்டு நிபந்தனை சீரழிவுக்கு முன்பும் இருந்தது, சீரழிவின்போதும் இருந்தது, பின்பும் இருக்கிறது. எந்தக் கட்டத்திலும் அது எதையும் தடுத்ததாகக் காட்ட முடியாது.

இரண்டாண்டு அந்நாட்டில் வாழ்வதால் மாணவர் அதன் மொழியிலும் பணிப் பண்பாட்டிலும் ஊறிவிடுகிறார், ஆகவே விதியின் உண்மையான பயன் கல்வியன்று, பழக்கமே என்ற வாதமும் உண்டு. இது மேலோட்டமாகக் கவர்ச்சியானது. ஆனால் 2020-இல் கொள்ளைநோயால் எல்லைகள் மூடப்பட்டபோது, சொந்த ஊரிலேயே முடங்கிய மாணவர் கணினித் திரை வழியே படித்த காலத்தையும் இந்த நிபந்தனைக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்வதாக அரசு அறிவித்தது. அந்த இரக்கம் வரவேற்கத்தக்கதே. எனினும் அப்போதும் வாரங்கள் குறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டில் இருத்தல் என்பது விட்டுக்கொடுக்கப்பட்டது, பதிவேட்டு எண் மட்டும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. தவிரவும், நேரில் வந்து படிப்பதை உறுதி செய்யும் விதி வேறொன்று இருக்கிறது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கான 2018-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை, படிப்பின் மூன்றிலொரு பங்குக்கு மேல் இணையவழியில் நடத்தப்படக் கூடாது என்றும், ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் குறைந்தது ஒரு பாடமாவது நேர்முகமாக நடத்தப்பட வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. வருகையைக் காப்பது அந்த நெறிமுறை. அதன் பெருமையை 1.15எஃப் எடுத்துக்கொள்வதற்கில்லை. ஐந்தாறு பேர் ஓரறையில் தங்கி, இரவுப் பணிக்குச் சென்று, தம் ஊர்க்காரர்களோடு மட்டுமே பழகி இரண்டாண்டைக் கழிக்கும் மாணவர் எத்தனையோ பேர் உண்டு என்பது மெல்பர்னின் மேற்குப் புறநகர்களை அறிந்த எவருக்கும் புதிய செய்தியன்று.

பிற நாடுகளைச் சான்று காட்டுவோர் பெரும்பாலும் பிரிட்டனை மறந்துவிடுகின்றனர். அங்கே முதுநிலைப் பட்டம் ஓராண்டில் முடிகிறது. அந்த ஓராண்டுப் பட்டத்தைக் குறைபாடுடையது என எவரும் சொல்வதில்லை, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களே அதை ஏற்று முனைவர் ஆய்வுக்கு மாணவரைச் சேர்க்கின்றன. 2021 ஜூலையில் பிரிட்டன் தொடங்கிய பட்டதாரி விசாவுக்கு, படிப்பு பன்னிரண்டு மாதமோ குறைவோ ஆனால் அதை முழுமையாக அந்நாட்டில் படித்திருந்தால் போதும். அதைவிட நீண்ட படிப்பானால் குறைந்தது பன்னிரண்டு மாதம் அங்கே படித்திருக்க வேண்டும். இந்த எளிய ஏற்பாட்டைக் குறைகூறி, அது குடியேற்றத்துக்கான குறுக்குவழியாகிவிட்டதா என ஆராயுமாறு பிரிட்டன் அரசே தன் குடிவரவு ஆலோசனைக் குழுவைக் கேட்டபோது, 2024 மே மாதத்தில் அக்குழு அளித்த அறிக்கை, அவ்விசா உயர்கல்வியின் தரத்தையும் நேர்மையையும் சீர்குலைக்கவில்லை என்றும் அது தொடர வேண்டும் என்றும் கூறியது. அக்குழு கவலை தெரிவித்தது படிப்பின் நீளம் குறித்து அன்று. மாணவரைத் திரட்டும் முகவர்களின் நடத்தை குறித்து.

கனடாவின் போக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அங்கே படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி படிப்பின் நீளத்தோடு கட்டப்பட்டிருந்தது: எட்டு மாதத்துக்குக் குறைந்த படிப்புக்கு ஒன்றுமில்லை, எட்டு மாதம் முதல் இரண்டாண்டு வரை படித்தால் படித்த காலத்துக்கு ஈடான அனுமதி, இரண்டாண்டும் அதற்கு மேலும் படித்தால் மூன்றாண்டு. விளைவாக, மூன்றாண்டு அனுமதிக்காகவே ஈராண்டு டிப்ளமோக்களும், ஓராண்டுச் சான்றிதழ்கள் இரண்டை அடுத்தடுத்துப் படிக்கும் வழக்கமும் பெருகின. ஒன்டாரியோவில் அரசுக் கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரிகளுக்கு உரிமம் கொடுத்து நடத்திய கிளைகள் இந்தத் தேவையில்தான் கொழுத்தன. 2024 பிப்ரவரி 15 முதல் கனடா முதுநிலைப் பட்டத்தை இந்த நீளக்கணக்கிலிருந்து விடுவித்து, எட்டு மாதத்துக்குக் குறையாத எந்த முதுநிலைப் பட்டத்துக்கும் மூன்றாண்டு அனுமதி என்றாக்கியது. அதே காலத்தில் அந்த உரிமக் கிளைகளில் புதிதாகச் சேருவோருக்குப் பணி அனுமதியே இல்லை என்றது. நல்ல குறும்படிப்பும் கெட்ட நெடும்படிப்பும் உண்டு என்பதை அந்நாடு பட்டறிந்து ஒப்புக்கொண்டது.

இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சி நிற்கும் வலுவான வாதம் ஒன்றுண்டு. அது நியாயமான விடைக்கு உரியது. எண்ணக்கூடிய விதி மாணவருக்கே பாதுகாப்பு. வாரங்களை எவரும் எண்ணிச் சரிபார்க்கலாம், அங்கே அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. எண்ணை எடுத்துவிட்டால் ‘இவர் உண்மையில் படிக்க வந்தவரா’ என்ற மங்கலான ஆய்வுக்கு மாணவர் ஆளாக வேண்டியிருக்கும் என்பது அவ்வாதம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘உண்மையான மாணவர்’ சோதனையில், சொந்த ஊரின் நிலைமை, எடுத்த படிப்பின் பொருத்தம், எதிர்காலத் திட்டம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரியின் மனநிறைவுக்காகக் காத்திருக்கும் விண்ணப்பதாரர்களைக் கண்டவர்கள் இந்த அச்சத்தைப் புரிந்துகொள்வார்கள். எண்ணக்கூடிய விதியே வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு தேவையில்லை. ஆனால் பிரிட்டனின் பன்னிரண்டு மாதமும் எண்தான், கனடாவின் எட்டு மாதமும் எண்தான். எண்ண வேண்டியதை எண்ண வேண்டும்: தகுதிக் கட்டமைப்பு வகுத்த காலத்தில் ஒரு பட்டம் முழுமையாக முடிக்கப்பட்டதா, அதில் குறைந்தது ஓராண்டு நேரில் படிக்கப்பட்டதா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் எந்த அதிகாரியும் தன் விருப்பப்படி விடை சொல்ல முடியாது.

மேலும், எண்ணக்கூடியது என்பதால் இப்போதைய விதி மாணவருக்கு உண்மையிலேயே பாதுகாப்பாக இருக்கிறதா என்பதும் ஐயத்துக்குரியது. நிபந்தனை, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நிறைவேறியிருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் தொடங்குவது பட்டமளிப்பு விழாவிலிருந்து அன்று, பட்டத்துக்கான கல்வித் தேவைகள் அனைத்தும் நிறைவேறிய நாளிலிருந்து, அதாவது நடைமுறையில் கடைசித் தேர்வு முடிவு வெளியாகும் நாளிலிருந்து. தற்காலிகச் சான்றும் பட்டமளிப்பு விழாவும் மாதக்கணக்கில் தள்ளிப்போவதையே பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு மாணவர், கையில் பட்டம் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என எண்ணிக் காத்திருந்தால், கெடு ஓசையின்றிக் கடந்துவிடும். (பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்துக்குக் குடிவரவுத் துறையில் மதிப்பில்லை என்பதை முகவர்களில் சிலரே எடுத்துச் சொல்கின்றனர்.) 91 வாரம் படித்தவருக்கும் ஆறு மாதத்தை ஒரு நாள் கடந்தவருக்கும் இரங்கி விலக்களிக்கும் அதிகாரம் அதிகாரிக்கும் இல்லை, மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கும் இல்லை. அத்தகைய இறுக்கம் கல்வியைப் பற்றிய ஏதோவோர் உண்மையைக் காப்பதற்காக இருக்குமானால் பொறுத்துக்கொள்ளலாம்.

அரசே இவ்விதியைத் தரத்தின் கருவியாகக் கருதவில்லை என்பதற்கு அண்மைய நிகழ்வுகள் சான்றாகின்றன. மாணவர் எண்ணிக்கை மிகுந்துவிட்டது, 485 விசா பயனற்ற காத்திருப்பாகிவிட்டது என்ற விமரிசனம் வலுத்த 2023-24 ஆண்டுகளில், ஆஸ்திரேலியா அவ்விசாவின் ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் திருத்தியது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் வேண்டிய மதிப்பெண் 6.0-இலிருந்து 6.5-ஆக உயர்ந்தது, தேர்வு முடிவு செல்லும் காலம் மூன்றாண்டிலிருந்து ஓராண்டாகச் சுருங்கியது, பெரும்பாலோருக்கு வயது வரம்பு 50-இலிருந்து 35-ஆக இறங்கியது, பாடவழி முதுநிலை படித்தவர் தங்கும் காலம் குறைந்தது, கூடவே மாணவர் விசாவின் கட்டணமும் 710 டாலரிலிருந்து 1,600-ஆகி, அடுத்த ஆண்டே 2,000 ஆனது. திருத்த வேண்டும் என்ற வேகத்தில் இத்தனையையும் தொட்டவர்கள் 92 வாரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தரத்தின் முதன்மைக் காவலாக ஒன்றைக் கருதும் அரசு, தரம் குறித்த நெருக்கடியில் அதை மட்டும் மறந்துவிடுமா என்பதை இவ்விதியைப் போற்றுவோர் விளக்க வேண்டும்.

இந்தியாவுடனான உறவில் இந்த முரண் வெளிப்படையாகவே நிற்கிறது. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இரு நாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம், முதுநிலை முடித்த இந்தியர் மூன்றாண்டு தங்கவும் முனைவர் பட்டம் பெற்றவர் நான்காண்டு தங்கவும் உறுதியளிக்கிறது; 2024-இன் திருத்தங்களும் அதைக் குறைக்கவில்லை. 2023 மார்ச் 2 அன்று டெல்லியில் ஆஸ்திரேலியக் கல்வி அமைச்சர் ஜேசன் கிளேரும் இந்தியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதானும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். ஒரு நாட்டில் படித்ததை மற்றொரு நாடு மதிக்க வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். அந்த உடன்பாட்டின்படி இந்தியப் பட்டத்தை ஏற்று இரண்டு பாடங்களில் விலக்குத் தரும் பல்கலைக்கழகம் சரியானதைச் செய்கிறது. அந்த ஏற்பின் காரணமாகவே அம்மாணவரின் வாரங்களைக் கழித்து 485-ஐ மறுக்கும் குடிவரவுத் துறை, தன் அரசின் கையெழுத்துக்கு எதிராகச் செயல்படுகிறது.

இதைச் சீராக்குவதற்கு நாடாளுமன்றத்தில் பெரும்போர் நடத்த வேண்டியதில்லை. கல்வியாண்டின் நீளம் அமைச்சரின் ஆணையில்தான் இருக்கிறது. 46 என்னும் எண்ணை 39 என்று மாற்றினாலே 78 வாரப் படிப்புகள் தகுதி பெற்றுவிடும், பதினாறு மாத அடித்தளம் இப்போதுபோலவே நீடிக்கும். பாட விலக்குப் பெற்ற வாரங்களைக் கழிக்காமல் விடுவது அதனினும் சிறிய திருத்தம். இவற்றால் வருமானம் குறையப்போவது, ஒன்றரை ஆண்டில் முடியக்கூடிய படிப்பை ஈராண்டாக நீட்டி விற்கும் நிறுவனங்களுக்கே. அந்தக் கூடுதல் பருவத்தில் தாம் கற்பிப்பது மாணவருக்குத் தேவையானது என அவை நம்புமானால், விசா விதியின் துணையின்றி, பாடத்திட்டத்தை முன்வைத்து அதை மாணவரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் நேரடியாகவே வாதிடலாம்.